வெல்டிங் மிஷினுக்குத் தடை வேண்டாம், ராடு பாக்கெட்டில் தேதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற வாரம் இந்தப் பகுதியில் மயிலாடுதுறைப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் தெருவில் யாரோ வீட்டிலேயே வெல்டிங் அடிக்கிறாராம். பட்டறைக்காரரும் இல்லையாம், சும்மா பொழுதுபோக்காம். மின்விசிறி மெதுவாகிறது, டி.வி. அணைந்து எரிகிறது, பிள்ளைகள் அந்த வெளிச்சத்தை நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், ஆகவே வீடுகளுக்கு வெல்டிங் மிஷின் விற்பதையே தடை செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். என் மனைவி படித்துவிட்டு பேப்பரை மடித்து என் முன்னால் வைத்தாள். "உங்களைத்தான் எழுதியிருக்காங்க" என்றாள். நான் அவர் தெருக்காரன் இல்லை. ஆனாலும் அவர் திட்டுவது என் மாதிரி ஆளைத்தான் என்பதால் பதில் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தொழில் தவில். மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாசித்துப் பேர் வாங்கித் தந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தவில்காரன் என்று சொல்லிக்கொள்ள கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் அதுதான் சோறு போடுகிறது. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்று மாதமும் கல்யாணம் கிடையாது. ஆடியில் அம்மன் கோயில் வேலை கொஞ்சம் வரும், மற்றபடி திண்ணைதான். அந்த மாதங்களில் நான் வெல்டிங் அடிக்கிறேன். கூலிக்கு இல்லை.

ஆரம்பித்து வைத்ததும் தவில்தான். எங்கள் தாத்தா காலத்தில் தவிலுக்குத் தோல் வார் பிடித்து இழுத்துக் கட்டுவார்கள். இப்போது இரும்பு வளையமும் போல்ட்டும். வலங்கைமானில் ஒரு முகூர்த்தத்துக்கு முதல் நாள், போல்ட் மாட்டுகிற காது ஒன்று வளையத்திலிருந்து விட்டுப்போனது. பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே இருந்த பையன் தவிலை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, மூன்றே நிமிடத்தில் ஒட்டிக் கொடுத்து 50 ரூபாய் வாங்கினான். எனக்கு மற்றது எல்லாம் மறந்துபோய் அந்த மூன்று நிமிடம் மட்டும் மனசில் நின்றுவிட்டது. இரும்பும் இரும்பும் தண்ணீராகி ஒன்றாய்ப் போகிற அந்த இடம். 2017 ஆடித் தள்ளுபடியில் பக்கத்து டவுனில் ஒரு மிஷின் வாங்கிவிட்டேன். 6,500 ரூபாய்.

இன்வெர்ட்டர் வகை, அதாவது மின்னணுச் சுற்றில் ஓடுகிற சின்ன மிஷின். பட்டறையில் நாலு பேர் நகர்த்துகிற பழைய எண்ணெய் மிஷின் மாதிரி இல்லை, தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். மேலே 200 ஆம்பியர் என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே இருந்த புத்தகத்தில் பாதி சீன மொழி, பாதி ஆங்கிலம். தமிழில் ஒரு வரி இல்லை. அதில் 60 சதவீதம் என்று ஒரு இடத்தில் போட்டிருந்ததைக் காட்டிக் கடைக்காரரிடம் கேட்டேன். "அது கரண்ட் மிச்சம்ணே" என்றார். சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வேலை வாங்கலாம், நாலு நிமிடம் ஆற விட வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம் என்பது, மிஷின் இரண்டு முறை மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்த பிறகுதான் தெரிந்தது.

சரி, கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாசகர் சொல்வதில் இது முழு உண்மை. முதல் வாரம் நான் மிஷினை மாட்டியது கிரைண்டருக்கு வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில். அந்தப் பெட்டி உருகியது. அடுத்த வீட்டு அத்தை வெளியே வந்து, "ஏம்பா, ஃபேனு மூச்சு வாங்குது" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் ஆச்சரியம் இல்லை. நான் 80 ஆம்பியரில் அடிக்கிறேன் என்றால் அது ராடு (உருகி இரும்போடு சேருகிற வெல்டிங் குச்சி) நுனியில் ஓடுகிற கரண்ட். அங்கே வோல்ட் 23 அளவுதான். பெருக்கினால் 1,840 வாட் அளவு. மிஷின் தானே தின்பதையும், கரண்டைச் சீராக இழுக்காததையும் சேர்த்தால் சுவரிலிருந்து 13, 14 ஆம்பியர் இழுக்கிறது. நான் மாட்டியதோ 6 ஆம்பியர் பிளக். மேலே எழுதியிருக்கிற 200-ஐ முழுதாகத் திருகினால் 40 ஆம்பியர் வரை கேட்கும். வீட்டு ஒயர் தாங்காது. விற்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "உங்க வீட்டு லைன் என்ன?" என்பது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. பாலிஷ் போட்ட பெட்டியைக் கொடுத்தார்கள், மஞ்சள் பை கொடுத்தார்கள்.

இப்போது மீட்டரிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் தனி லைன், தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணைகிற சுவிட்ச்), இரும்புப் பெட்டி சாக்கெட், சரியான எர்த். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மட்டும். சாயங்காலம் எங்கள் தெருவில் வோல்ட் 180-க்கு இறங்கும், அப்போது தொடுவதில்லை. அத்தை வீட்டு ஃபேன் இப்போது மூச்சு வாங்குவதில்லை. வயலில் மோட்டாருக்கு இலவசக் கரண்ட் இருக்கிறதே, அங்கே மாட்டிக்கொள் என்று சொன்னவர்களும் உண்டு. அது விவசாயத்துக்குக் கொடுத்தது, கை வைக்கக் கூடாது.

அடுத்தது ராடு. இதைப் பற்றித்தான் நிறைய சொல்ல இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் கடைக்குப் போய் "பன்னிரண்டாம் நம்பர் கொடுங்க" என்றால் இரண்டரை மில்லிமீட்டர் ராடு. "பத்தாம் நம்பர்" என்றால் 3.15. நம்பர் கூடினால் கனம் குறையும். பெரிய நம்பர் பெரிய ராடு என்று நினைத்து நான் கேட்டு வாங்கிய கதையை விடுங்கள். விஷயம் என்னவென்றால், வீட்டுக்காரனுக்கு முழு பாக்கெட் தேவையில்லை என்று கடையிலேயே பாக்கெட்டைப் பிரித்து, இருபது முப்பது ராடை எண்ணி, பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். (நல்லவேளை, உங்கள் நாளிதழ் இல்லை.) பிரித்த பாக்கெட் கல்லாவுக்குக் கீழே எத்தனை மாதம் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும். உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராகிறது. ராடின் மேலே இருக்கிற அந்தச் சாம்பல் பூச்சு மட்டும் காய்ந்தா இருக்கும்?

ஈரம் ஏறிய ராடு எப்படி இருக்கும் என்றால், பற்றாது. பற்றினால் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் பூச்சு பொடிப்பொடியாய் உதிரும். எப்படியோ அடித்து முடித்து மேலே உள்ள கசடைத் தட்டினால் உள்ளே ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாய் இருக்கும். நல்ல ராடு அடிக்கும்போது சத்தமே வேறு. அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராக வரும். ஈர ராடு வெடித்து வெடித்து, தாளம் தப்பிய ஆள் மாதிரி வாசிக்கும். எனக்குக் காது பழக்கம் இருப்பதால் கண்ணுக்கு முன்னால் காதுதான் சொன்னது, தப்பு என் கையில் மட்டும் இல்லை என்று. அதுவரை ஒரு மாதம் முழுக்க என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மொட்டை மாடியில் வடாம் காய்ந்த பக்கத்திலேயே ராடையும் காயப் போட்டேன். மனைவி வடாமை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். வெயில் போதாது என்று பிறகு தெரிந்தது. சாதாரண 6013 ராடுக்கு 100 டிகிரி அளவில் ஒரு மணி நேரம் காட்டினால் சரியாகும். அந்த 6013 என்கிற நம்பர் ராடின் பூச்சு மேலேயே அச்சாகியிருக்கும். முதல் 60 பலத்தைச் சொல்கிறது, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவை. அடுத்த 1, எந்தப் பக்கம் வைத்தும் அடிக்கலாம் என்பது. கடைசி எண் பூச்சின் வகை. நம் ஊர் பாக்கெட்டில் ஐ.எஸ். 814 என்ற இந்தியத் தர எண்ணும், இ.ஆர். 4211 என்று தொடங்கும் குறியும் இருந்தால் அது இதே இனம். இதை எனக்குச் சொன்னது கடை இல்லை, திருச்சியில் கொதிகலன் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மாமா. கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர். சாம்பார் ஊற்றுவதற்குள் இலை ஓரத்தில் விரலால் எழுதிக் காட்டினார்.

அப்புறம் ஒரு நாள் கடைக்காரர், "இது ஸ்ட்ராங்ணே, கேட்டுக்கு இதைத்தான் அடிக்கணும்" என்று கூடுதல் விலைக்கு 7018 கொடுத்தார். அந்த ராடு பெரிய வேலைக்கு ஆனது. 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் காய வைத்து, சூடு ஆறாமல் எடுத்து அடிக்க வேண்டியது. அதைத்தான் மழைக்காலத்தில் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். என் மாட்டுக்கொட்டகைக் கேட்டுக்கு அது தேவையே இல்லை. என் மிஷினில் அது சரியாகப் பற்றவும் இல்லை. பதினைந்து ராடு இன்னும் பரணில் கிடக்கிறது, முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டிக்குப் பக்கத்தில்.

இப்போது பழைய டிரங்குப் பெட்டி ஒன்றில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, அதற்குள் ராடு வைத்திருக்கிறேன். ஐப்பசியிலும் பொரிகிற சத்தம் வருகிறது.

முதலில் செய்தது நாலு கால் வைத்த ஒரு ஸ்டூல். அம்மா குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் விளக்க. ஒரு பக்கம் முழுதாக அடித்து முடித்துவிட்டு மறுபக்கம் போனேன், அதற்குள் முதல் பக்கம் ஆறி இழுத்துக்கொண்டது. நாலு காலில் ஒன்று அந்தரத்தில் நின்றது. நாலு மூலையிலும் பொட்டு வைத்து (சின்னப் புள்ளியாய் ஒட்டி) பிடித்துக்கொண்ட பிறகுதான் முழுசாக அடிக்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அம்மா அதற்கு ஊஞ்சல் என்று பேர் வைத்தார். கடைசி வரைக்கும் அதில்தான் உட்கார்ந்தார், வேறு செய்து கொடுத்தும் கேட்கவில்லை.

கண் விஷயத்தில் அந்த வாசகர் கவலைப்படுவது சரி. எனக்கு வந்த மாதிரி எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது. மிஷினோடு கொடுத்த, முகத்துக்கு முன்னால் பிடிக்கிற கை மூடியில் கண்ணாடி விரிசல். மாற்றுக் கண்ணாடி கேட்டால், "இதைப் போட்டுக்குங்க, பட்டறையில் எல்லாரும் இதுதான்" என்று ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். அது கேஸ் வெல்டிங்குக்குப் போடுவது. கரண்ட் வெல்டிங்கில் ராடு நுனியில் எரிகிற ஆர்க் வெளிச்சத்துக்குப் போதாது. பொட்டு வைக்கிறதுக்குத்தானே என்று அதைப் போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க அடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. இரவு ஒரு மணிக்குக் கண்ணில் ஆற்று மணலைக் கொட்டித் தேய்த்த மாதிரி விழித்தேன். கண்ணைத் திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. உருளைக்கிழங்கை வெட்டி வை என்றார் ஒருவர். தாய்ப்பால் விடு என்றார் இன்னொருவர். காலையில் மன்னார்குடியில் டாக்டர் பார்த்து, கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது, வெயிலில் தோல் கருகுகிற மாதிரிதான், இரண்டு நாளில் சரியாகும், வீட்டு வைத்தியம் எதையும் விடாதே என்று சொட்டு மருந்து எழுதினார்.

அடுத்த நாள் காலை முகூர்த்தம். ஒத்துக்கொண்டதை விட முடியாது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட வாசித்தேன். மாலை மாற்றும்போது பெண்ணின் பெரியம்மா என்னைப் பார்த்துத் தானும் அழ ஆரம்பித்துவிட்டார். நாயனக்கார அண்ணன் சீவாளியை எடுத்துவிட்டு என் பக்கம் குனிந்து, "தம்பி, கெட்டிமேளத்துக்கு அழுவுற தவில்காரனை இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

10 என்று மூலையில் எண் பொறித்த கண்ணாடிதான் என் மாதிரி வேலைக்கு வேண்டியது. விலை ஒரு சாப்பாட்டுக்கு ஆகாது. அதைத் தேடி மூன்று டவுன் சுற்றினேன். அடுத்த வருஷம் தானாகக் கறுக்கும் ஹெல்மெட் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். பொறி பற்றின கணமே கறுத்துவிடும். கறுக்காமல் இருக்கும்போதும் கண்ணை எரிக்கிற கதிரை அது தடுத்துக்கொண்டேதான் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. தெருப் பிள்ளைகளுக்காக வாசல் பக்கம் ஆளுயரத்துக்குத் தகரத்தில் ஒரு மறைப்பு. வைக்கோல் போரைக் கொல்லைக்கு மாற்றினேன். இரண்டு வாளி தண்ணீர் எப்போதும் பக்கத்தில்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் பாதிக் கூரை வயலில் கிடந்தது. மூன்று வாரம் கரண்ட் இல்லை, மிஷின் சும்மா கிடந்தது. கரண்ட் வந்ததும் எல்லாரும் கொட்டகைக் குழாயைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். எல்லாம் ஜி.ஐ. குழாய், துத்தநாகம் பூசிய இரும்பு. மறுக்க முடியுமா? அடித்தேன். வெள்ளை வெள்ளையாய்ப் புகை வந்தது, பஞ்சு மாதிரி பறந்தது. அன்று இரவு குளிர் காய்ச்சல், பல் கிட்டியது, வாயில் காசைச் சப்பின ருசி. டெங்கு என்று வீடு பயந்தது. மறுநாள் சாயங்காலம் ஒன்றுமில்லை. இரும்பு உருக 1,500 டிகிரி பக்கம் வேண்டும், மேலே பூசியிருக்கிற துத்தநாகம் 907-லேயே கொதித்துப் புகையாகிவிடும். அந்தப் புகைதான் காய்ச்சல். பால் குடித்தால் முறிந்துவிடும் என்று பட்டறையில் சொல்வார்கள். நானும் குடித்தேன், பசிக்கு நன்றாயிருந்தது. அடிக்கிற இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெட்டவெளியில் காற்று முதுகுக்கும் இல்லாமல் முகத்துக்கும் இல்லாமல் பக்கவாட்டில் போகிற மாதிரி உட்கார்ந்தால் போதும். நான் மிஷின் வாங்கிய அதே 2017-இல்தான், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. என்னிடம் விற்றவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் முகக்கவசம் ஒன்று கடையில் தொங்கியிருக்கலாம்.

கட்டிங் வீல் (இரும்பை அறுக்கிற கிரைண்டரில் மாட்டுகிற வட்டத் தட்டு) பற்றியும் ஒரு வார்த்தை. நாலு அங்குல வீலின் நடுவில் ஒரு தகர வளையம் இருக்கும். அதில் பொடி எழுத்தில் மாதமும் வருஷமும் பொறித்திருப்பார்கள், அதற்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று. பிசின் வைத்து ஒட்டியது, நாளானால் பலம் போகும். எனக்குக் கொடுத்தது இரண்டு வருஷம் தாண்டியது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் சுற்றுகிறபோது உடைந்து, ஒரு துண்டு தூணில் போய்க் குத்தியது. கிரைண்டரில் இருக்க வேண்டிய காப்பு மூடியை, "இடைஞ்சலா இருக்கும்ணே" என்று கடையிலேயே கழற்றிக் கொடுத்திருந்தார்கள். என் வலது கை விரல்களில்தான் கூடு (கெட்டியான விரல் உறை) மாட்டி வாசிக்கிறேன். அந்த விரல்களை வைத்துத்தான் குடும்பம். அன்றைக்கே மூடியை மாட்டினேன். அந்த உடைந்த வீல் என் பூஜை அறை ஆணியில் தொங்குகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் தடை செய்வதுதானே சரி என்று அந்த வாசகர் கேட்கலாம். மிஷின் இப்போது செல்போனில் தட்டினால் வீட்டு வாசலுக்கு வருகிறது. எதைத் தடை செய்வது? நான் பட்ட பாடு ஒவ்வொன்றையும் எண்ணிப் பாருங்கள். மிஷின் செய்த தப்பு ஒன்றுகூட இல்லை. தேதி இல்லாத ராடு, தப்பான கண்ணாடி, காலாவதியான வீல், தமிழில் ஒரு வரி இல்லாத புத்தகம்.

இதில் எனக்குப் பொறுக்காதது ஒன்று. எங்கள் ஊரிலிருந்து ரயில் ஏறினால் போய்விடுகிற திருச்சியில், 1975-இலிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாட்டுக்கே கொதிகலன் செய்கிற கைகள் துவாக்குடியிலும் திருவெறும்பூரிலும் இருக்கின்றன. அந்த அறிவு தஞ்சாவூர் தாண்டிக் கிழக்கே வருவதற்கு ஒரு கல்யாணப் பந்தி தேவைப்படுகிறது. ஐ.டி.ஐ.-யில் வெல்டர் படிப்பு ஒரு வருஷம், அது பிழைப்புக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு. ஐம்பது வயதுக்காரனுக்கு, விவசாயிக்கு, கோழிக்கூடு செய்ய நினைக்கிற ஆளுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தைத் திறந்துவிட்டால் என்ன? காசு கொடுத்தே வருவோம். ராடு செய்கிற கம்பெனிகள் ஒரு கிலோ அளவில் காற்றுப் புகாத சின்னப் பாக்கெட் போட்டு, அதில் தயாரித்த தேதியைத் தமிழில் படிக்கிற அளவுக்குப் பெரிதாக அச்சிடட்டும். மிஷின் விற்கிற கடை பத்தாம் நம்பர் கண்ணாடியும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பும் இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு சொல்லட்டும். என் ஒருவன் கோரிக்கை இவ்வளவுதான்.

மயிலாடுதுறை வாசகருக்கு: உங்கள் தெருக்காரரை ஒரு தடவை போய்ப் பாருங்கள். எந்த பிளக்கில் மாட்டியிருக்கிறார் என்று மட்டும் கேளுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

நாளை ஆடி ஒன்று. பத்து மணிக்குத் தகர மறைப்பை எடுத்து வாசலில் வைக்க வேண்டும். அத்தை வீட்டுக்குப் பிரசவத்துக்கு மகள் வந்திருக்கிறாள், குழந்தை தூங்குகிற நேரம் எது என்று இன்று சாயங்காலமே கேட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தவில்காரர்,
நீடாமங்கலம் அருகே, திருவாரூர் மாவட்டம்.